செடியில் பழுக்காமல் போன தக்காளி: பழுக்க வைப்பதா, குழம்பில் போடுவதா, தொக்கா, வினிகரா?

நாலு நாள் விடாமல் மழை பெய்து ஐந்தாம் நாள் சுள்ளென்று வெயில் காய்ந்தால், மலேசியாவில் தாப்பா, பீடோர் பக்கம் வீட்டுக்குப் பின்னால் தக்காளி நட்டவர்கள் எல்லாருக்கும் ஒரே கவலைதான். நேற்று வரை தளதளவென்று நின்ற செடி, ஓர் இலைகூட மஞ்சளாகாமல், அப்படியே தலை தொங்கிவிடும். சாயங்காலம் தண்ணீர் ஊற்றினால் விடியும்போது கொஞ்சம் நிமிர்ந்த மாதிரி ஆசை காட்டும். மூன்றாம் நாள் கதை முடிந்தது. இது மண்ணிலிருந்து வேர் வழியே ஏறும் பாக்டீரியா வாடல். சந்தேகமாக இருந்தால் தண்டை அடியில் குறுக்கே வெட்டி, கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் அதன் முனை மட்டும் நனையும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால் நூல் போல ஒன்று இழைந்து கீழே இறங்கினால் அந்தச் செடிக்கு இனி மருந்து கிடையாது. கையில் மிஞ்சுவது இரண்டு மூன்று கிலோ பச்சைக் காய்தான்.

பச்சைக் காய் வரும் வழி இன்னொன்றும் உண்டு. கேமரன் மலையில் தக்காளியைச் செடியிலேயே சிவக்க விட்டால் வழியிலேயே நசுங்கிவிடும் என்பதால் பச்சையும் மஞ்சளுமாகத்தான் பறிப்பார்கள். 59ஆம் எண் சாலையில் இறங்கி வரும் சரக்கில் நிறம் ஏறாத காய்களைப் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) கூறு கட்டி மலிவாகத் தருவதுண்டு.

“இதைப் பழுக்க வைக்கலாமா, ஊறுகாய் போடலாமா?” என்று கேட்பவர்கள் பெரும்பாலும் ருசியை மனத்தில் வைத்துக் கேட்கிறார்கள். ஆனால் இதில் ருசி கடைசியாகத்தான் வரும். காய் எந்தப் பருவத்தில் இருக்கிறது, எந்தச் செடியிலிருந்து எப்படிக் கைக்கு வந்தது என்ற இரண்டும் தெரிந்தாலே பாதி வழிகள் தாமாக அடைபட்டுவிடும்.

## முதலில் பார்க்க வேண்டியவை

முற்றிய காயா, பிஞ்சா. ஒவ்வோர் அளவிலும் ஒரு காயை எடுத்து நடுவே குறுக்காக அறுத்துப் பாருங்கள். விதையும் சேர்ந்து அறுபட்டு, உள்ளே வறண்டு வெளிறிய சதையாக இருந்தால் அது பிஞ்சு. விதையைச் சுற்றி வழுவழுவென்று கூழ் கட்டி, கத்தி படும்போது விதை நழுவி ஒதுங்கினால் முற்றிய காய். அறுக்காமலும் ஓரளவு சொல்லலாம். முற்றியதன் அடிப்பக்கம், அதாவது பூ இருந்த பக்கம், வெண்பச்சையாக வெளிறி மினுங்கும். பிஞ்சு எல்லாப் பக்கமும் ஒரே மங்கல் பச்சையாக இருக்கும். பிஞ்சை எத்தனை நாள் வைத்தாலும் ஒழுங்காகப் பழுக்காது. கசப்பும் அதில்தான் அதிகம். டொமாட்டின் என்ற கசப்புப் பொருள் பிஞ்சில் மிகுந்திருந்து, முற்ற முற்றக் குறைந்து, பழுத்த பிறகு ஏறக்குறைய இல்லாமல் போகிறது. கொதிக்க வைத்தால் அது பெரிதாக அழிவதில்லை. கோலிக்குண்டு அளவுப் பிஞ்சுகளை வீணாகிறதே என்று கிலோக்கணக்கில் சமைக்க வேண்டாம். இலையும் தண்டும் சமையலுக்கே ஆகாது.

காய் எப்படிக் கைக்கு வந்தது. நல்ல செடியில் பறித்ததா, வாடிய செடியில் பறித்ததா, செத்துக் காய்ந்த கொடியில் தொங்கியதா? வாடல் பாக்டீரியா மனிதரை ஒன்றும் செய்யாது. கெட்டியாக இருக்கும் காயைத் தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் செத்த கொடியில் தொங்கிய காயில் புளிப்பு குறைந்திருக்கும். போத்தலில் அடைத்து அலமாரியில் வைக்கும் ஊறுகாய்க்குக் காவல் அந்தப் புளிப்புதான். இதைக் கீழே வினிகர் பகுதியில் விரிவாகப் பார்ப்போம்.

காயில் என்ன குறி இருக்கிறது. ஊசி குத்தியது போல ஒரு புள்ளி, சுற்றிலும் சற்றே அமுங்கிய தோல் என்றால் பழ ஈ முட்டை வைத்திருக்கிறது. மலைக் காயில் எண்ணெய் படிந்தது போலப் பழுப்புத் திட்டு இருந்தால் அது கருகல் நோய். இரண்டையும் சேமிப்புக்கு எடுக்காதீர்கள். செடிக்கு மருந்து அடித்திருந்தால் போத்தலில் எழுதியிருக்கும் காத்திருப்பு நாட்கள் முடிந்தாக வேண்டும். செடி சாய்ந்துவிட்டது என்பதற்காக அந்தக் கணக்கு மாறாது.

வீட்டில் யார் சாப்பிடப் போகிறார்கள். இரத்த அழுத்தக்காரர் இருந்தால் உப்பையும், இனிப்புநீர்க்காரர் இருந்தால் சீனியையும் முதலிலேயே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். சாடி நிறையப் போட்ட பிறகு யோசித்துப் பயனில்லை.

| வழி | ஏற்ற காய் | கைவேலை | தாங்கும் காலம் | முதலில் தெரியாத செலவு |
|---|---|---|---|---|
| பழுக்க வைத்தல் | முற்றியது மட்டும் | தினம் 5 நிமிடம் | பழுத்தபின் 3, 4 நாள் | அழுகிப் போகும் பங்கு |
| உடனே சமைத்தல் | முற்றியது, நடுத்தரம் | அரை மணி | 1, 2 நாள் | கிட்டத்தட்ட இல்லை |
| எண்ணெய்த் தொக்கு | முற்றியது, நடுத்தரம் | ஒன்றரை மணி, முதல் நாள் இரவு ஊறல் | வெளியே 3 வாரம், ஐஸ்பெட்டியில் 4 மாதம் | நல்லெண்ணெய், உப்பு |
| வினிகர் அச்சார் | கெட்டியான எதுவும் | ஒரு மணி | ஐஸ்பெட்டியில் 2, 3 வாரம் | சீனி, ஐஸ்பெட்டியில் இடம் |
| வினிகர், அடைத்த போத்தல் | நல்ல செடியின் காய் மட்டும் | இரண்டு மணி, ஊறல் தனி | ஓர் ஆண்டு | போத்தல், புது மூடி |
| வற்றல் | சதைப்பற்றுள்ளது | 5 நாள் காவல் | 6 மாதம் | மழை |
| உறைய வைத்தல் | கெட்டியானது | 20 நிமிடம் | 8 மாதம் | உறைபெட்டியில் இடம் |

## பழுக்க வைத்தல்

எல்லாரும் முதலில் நினைப்பது இதைத்தான். நம்மூரில் அதிகம் ஏமாற்றுவதும் இதுதான். தக்காளி நன்றாகச் சிவப்பேற 18 முதல் 22 டிகிரி வெப்பம் வேண்டும். 30ஐத் தாண்டினால் சிவப்பு நிறம் உண்டாவதே நின்றுபோகும். மஞ்சளும் ஆரஞ்சும் மட்டும் ஏறும். காய் மெத்தென்று ஆகிவிட்டாலும் பழச்சுவை வந்திருக்காது. தகரக் கூரை வீட்டில் மத்தியானம் அடுப்படி எவ்வளவு காயும் என்று சொல்லவே வேண்டாம். ‘சன்னலோரம் வெயிலில் வை’ என்பது குளிர் நாட்டுக்காரர் பழக்கம். பறித்த காய் பழுக்க வெளிச்சமே தேவையில்லை.

தாழ்நிலத்தில் செய்வதானால் இப்படிச் செய்யுங்கள். காயைத் துடையுங்கள், கழுவ வேண்டாம். காம்பு பக்கத்துக் காயைக் குத்தும், அதைக் கிள்ளிவிடுங்கள். ஒவ்வொன்றையும் நாளிதழ்த் துண்டில் தனித்தனியாகச் சுற்றி, அட்டைப்பெட்டியில் ஒரே அடுக்காக வையுங்கள். கிலோவுக்கு ஒன்று வீதம் நன்கு பழுத்த பிசாங் பெராங்கான் வாழைப்பழம் சேருங்கள். பழத்திலிருந்து வரும் எத்திலீன் வாயு காயைப் பழுக்கத் தூண்டும். பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் சிமெண்டுத் தரையில் வைத்தால் வீட்டிலேயே அதுதான் குளிர்ந்த இடம். தினமும் திறந்து பார்த்து, மெத்தென்று ஆனதையும் புள்ளி விழுந்ததையும் அன்றன்றே வெளியே எடுங்கள். ஒன்று அழுகினால் அண்டைக் காய் இரண்டையும் கெடுத்துவிடும். முற்றிய காய் ஒரு வாரத்திலிருந்து பத்து நாளுக்குள் நிறம் மாறும்.

கெடுவது பெரும்பாலும் மூன்று காரணங்களால்தான். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் உள்ளே நீர் கோத்துப் பூசணம் பிடிக்கும். ‘கெடாமல் இருக்கட்டும்’ என்று பச்சைக் காயை ஐஸ்பெட்டியில் வைத்தால், 10 டிகிரிக்குக் கீழே அதன் பழுக்கும் தன்மையே பழுதாகிவிடும். பிறகு வெளியே எடுத்தாலும் குழி விழுந்து திட்டுத்திட்டாகத்தான் மாறும். மூன்றாவது கார்பைடுக் கல். அதிலிருந்து வரும் வாயுவில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பு இருக்கும். ஒரு வாழைப்பழம் செய்யும் வேலைக்கு அந்த விஷம் எதற்கு?

கேமரன் மலையில், தானா ராத்தாவிலோ ரிங்லெட்டிலோ உறவுக்காரர் இருந்து, வார இறுதியில் அங்கே போகிறவரானால் பெட்டியோடு கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். மேலே பகல் வெப்பமே 20களின் முதல் பாதியில் இருக்கும். கீழே ஆரஞ்சோடு நிற்கும் அதே காய் அங்கே முழுச் சிவப்பாகும். கீழே இருப்பவர்களுக்கு இந்த வழி கீறல் இல்லாத முற்றிய காய், அதுவும் ஒரு கிலோவுக்குள் இருந்தால் மட்டும் சரி. பழத்தக்காளி மலிவாகக் கிடைக்கும் வாரத்தில் அதுவும் வீண் வேலை.

## உடனே சமைத்தல்

பச்சைத் தக்காளியைப் ‘பழுக்காத பழம்’ என்று நினைக்காமல் ‘புளிப்புள்ள காய்’ என்று நினைத்தால் சமையல் தானாக வரும். மாங்காய் போடும் இடத்தில் இதைப் போடலாம். சுரைக்காய் போடும் இடத்திலும் போடலாம், ஆனால் புளியைப் பாதியாகக் குறைக்க வேண்டும்.

கூட்டுக்கு 250 கிராம் காய், 100 கிராம் பாசிப்பருப்பு போதும். இதில் பலர் செய்யும் தவறு, பருப்பையும் காயையும் ஒன்றாகப் போட்டு வேக வைப்பது. புளிப்பு பட்டால் பருப்பின் தோலும் சதையும் இறுகிக்கொள்ளும். அரை மணி கொதித்தாலும் பல்லில் நறநறக்கும். பருப்பு மலர வெந்த பிறகுதான் காயைப் போட வேண்டும். உருளைக்கிழங்கு சேர்க்கும் குழம்புக்கும் இதே விதிதான். தேங்காய்ப்பால் ஊற்றுவதானால் அடுப்பைத் தணித்துக் கடைசியில் ஊற்றி, ஒரு கொதி வருவதற்குள் இறக்கிவிடுங்கள். புளிப்பில் பால் கொதித்தால் திரிந்து எண்ணெய் தனியாக நிற்கும்.

நெத்திலிப் பிரட்டலுக்கு இதைவிடப் பொருத்தமான காய் இல்லை என்றே சொல்லலாம். 50 கிராம் நெத்திலியைக் கழுவிப் பிழிந்து, எண்ணெயில் மொறுமொறுப்பாகப் பொரித்துத் தனியே எடுத்து வைக்கவும். அதே எண்ணெயில் ஒரு பெரிய வெங்காயம், அரைத்த மிளகாய் விழுது இரண்டு கரண்டி. பச்சை வாசம் போனதும் 300 கிராம் காயைக் கட்டைவிரல் பருமனில் நறுக்கிப் போட்டு, மூடாமல் வதக்கவும். மூடினால் நீர் விட்டுக் குழைந்துவிடும். காயின் ஓரம் கண்ணாடி போல ஆகி, நடுவில் இன்னும் கடிபட வேண்டும். அந்த நேரத்தில் நெத்திலியைத் திருப்பிப் போட்டுப் பிரட்டி இறக்குங்கள். உப்பு கடைசியில், ருசி பார்த்த பிறகு. நெத்திலியே பாதி உப்பு கொண்டுவரும். நாசி லெமாக்குக்குச் சம்பால் போடும் இடத்தில் இதை வைத்தால் தட்டு காலியாகும்.

துவையல் அரைப்பதானால் அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். நம் வெக்கையில் காலையில் அரைத்தது இரவுக்குள் நுரைத்துவிடும்.

## எண்ணெய்த் தொக்கு

இரண்டு கிலோவுக்கு மேல் காய் இருந்தால் பெரும்பாலான வீடுகளுக்கு இதுவே சரியான வழி. காய் ஒரே அளவில் இருக்க வேண்டாம், கீறல் பட்ட இடத்தை அறுத்துப் போடலாம், மஞ்சளேறியதும் பச்சையும் கலந்திருக்கலாம். எல்லாவற்றையும் தொக்கு ஏற்றுக்கொள்ளும்.

அறுத்துச் சுத்தம் செய்த காய் 1 கிலோவுக்கு: கல்லுப்பு 50 கிராம், மஞ்சள்தூள் ஒரு தேக்கரண்டி, புளி 40 கிராம், நல்லெண்ணெய் 200 மில்லி, மிளகாய்த்தூள் 40 கிராம், கடுகு ஒரு மேசைக்கரண்டி, வறுத்துப் பொடித்த வெந்தயம் ஒரு தேக்கரண்டி, பெருங்காயம் அரைத் தேக்கரண்டி, வெல்லமோ கூலா மெலாக்காவோ (தென்னை வெல்லம்) 30 கிராம்.

காயைக் கழுவி, துணியால் துடைத்து, மின்விசிறிக்குக் கீழே ஒரு மணி நேரம் பரப்பி வையுங்கள். காம்புக் குழியில் தங்கும் தண்ணீர்தான் பின்னால் வினையாகும். நறுக்கி உப்பும் மஞ்சளும் பிரட்டி, கண்ணாடியிலோ பீங்கானிலோ இரவு முழுக்க மூடி வைக்கவும். காலையில் காய் தன் சாற்றில் பாதி முழுகி நிற்கும். சாற்றை வடித்துக் கொதிக்க விட்டு அதில் புளியைப் போட்டு ஊற வையுங்கள். தனியாகத் தண்ணீர் ஒரு சொட்டும் வேண்டாம். காயையும் ஊறிய புளியையும் கொரகொரப்பாக அரைக்கவும். மையாக அரைத்தால் தொக்கு களி போல ஆகும்.

அடிகனமான எவர்சில்வர் சட்டியில் எண்ணெயைக் காய வைத்து, கடுகு வெடித்ததும் பெருங்காயம், பிறகு விழுது. நடுத்தீயில் 40 நிமிடம் வரை ஆகும். முதல் பத்து நிமிடம் தெறிக்கும், கை நீளக் கரண்டி நல்லது. பிறகு அடங்கி, ‘பொத் பொத்’ என்று கனத்த குமிழி விடும். கரண்டியால் சட்டியின் அடியில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு உடனே மூடிக்கொண்டால் இன்னும் நீர் இருக்கிறது. மூன்று எண்ணும் வரை அடி தெரிந்து, ஓரத்தில் எண்ணெய் கசிந்தால் பதம். ஒரு துளியைத் தட்டில் வைத்துச் சாய்த்தால் அதைச் சுற்றி நீர் வளையம் பிரியக்கூடாது. இறக்கும்போது வெல்லமும் வெந்தயமும். மிளகாய்த்தூளை அடுப்பை அணைத்த பிறகு போட்டால்தான் நிறம் கறுக்காது. மூடாமல் ஆற விட்டு, உலர்ந்த போத்தலில் அமுக்கி நிரப்பி, மேலே அரை விரல்கடை எண்ணெய் நிற்கும்படி ஊற்றவும். 1 கிலோ காய்க்கு அரைக் கிலோ சொச்சம் தொக்கு தேறும்.

செலவுக்கு வருவோம். ஒரு மணி நேரம் அடுப்பு எரிந்தால் கேஸ் என்ன ஆகும் என்று பயப்படுகிறார்கள். மானிய விலையில் 14 கிலோ கேஸ் தோங் (உருளை) 26 வெள்ளி (ரிங்கிட்) 60 சென், அதாவது கிலோ 1 வெள்ளி 90 சென். நடுத்தீயில் ஒரு மணிக்கு 150 கிராம் அளவில்தான் எரியும். 30 சென் கூட வராது. கடிப்பது நல்லெண்ணெய்தான். அதற்காக 2 வெள்ளி 50 சென் மானியப் பாக்கெட் எண்ணெயில் செய்யலாமா என்றால், செய்யலாம். ஆனால் செம்பனை எண்ணெய் ஐஸ்பெட்டியில் வெள்ளையாக உறைந்துவிடும். மேலே காவல் நிற்க வேண்டிய எண்ணெய் கட்டியாகி, கரண்டி போட்ட இடத்தில் வெடித்துத் திறந்துகொள்ளும். நல்லெண்ணெய் இளகியே இருக்கும், சீக்கிரம் காறலும் அடிக்காது. பாதிக்குப் பாதி கலந்தால் காசும் மிஞ்சும், உறைவதும் குறையும்.

இன்னொரு செலவு உப்பு. மேலே சொன்ன அளவில் ஒரு மேசைக்கரண்டித் தொக்கில் ஏறக்குறைய ஒன்றரை கிராம் உப்பு இருக்கும். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சொல்லும் அளவே 5 கிராம்தான். அழுத்தக்காரருக்காக உப்பைக் குறைத்தால் அந்தப் போத்தலை வெளியே வைக்காமல் முதல் நாளிலிருந்தே ஐஸ்பெட்டியில் வைக்க வேண்டும். செத்த கொடிக் காயில் செய்ததும் அப்படியே.

நுரைத்து வாடை வந்தால் நீர் போதுமான அளவு வற்றவில்லை. கசந்தால் வெந்தயம் கருகியிருக்கும், அல்லது பிஞ்சு கலந்திருக்கும். கறுத்து உலோக வாசம் அடித்தால் இரும்பு வாணலியிலோ அலுமினியச் சட்டியிலோ கிண்டியிருப்பீர்கள். மேலே பூசணம் கண்டால் சுரண்டிவிட்டுச் சாப்பிடும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. செய்யாதீர்கள். பூசணம் புளிப்பைத் தின்று வளர்கிறது. புளிப்பு குறைந்த இடத்தில் வேறு கிருமி வளர வழியாகும். போத்தலோடு கொட்டிவிடுவதே நல்லது. பச்சைப் பூண்டை அப்படியே எண்ணெயில் அமுக்கி வைக்கவும் வேண்டாம். காற்றில்லாத, புளிப்பில்லாத அந்த இடம்தான் பொட்டுலிசம் என்ற நோயைத் தரும் நஞ்சை உண்டாக்கும் கிருமிக்கு வாகானது.

## வினிகர்

இதற்குள் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்றை மற்றொன்றாக நினைத்துக்கொள்வதில்தான் ஆபத்து.

அதற்கு முன் தோட்டப்புறத்துக்கு மட்டும் உரிய ஓர் எச்சரிக்கை. ‘சுக்கா’ என்று சொன்னால் சமையல் வினிகரும் அதுதான், பால்மரத்து (ரப்பர்) பாலை உறைய வைக்கும் ‘சுக்கா கெத்தா’வும் அதுதான். பின்னது ஃபார்மிக் அமிலம். தொண்டையையும் குடலையும் அரித்துவிடும். பழைய போத்தலில் பேர் இல்லாமல் ஊற்றி வைத்த எந்தச் சுக்காவையும் அடுப்படிக்குள் கொண்டுவராதீர்கள். முகர்ந்து பார்த்துத் தீர்மானிக்கும் விஷயம் இல்லை இது. கடையில் சமையல் வினிகர் வாங்கும்போதும் 5 சதவிகிதம் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

ஐஸ்பெட்டி அச்சார். 1 கிலோ காயை விரல் நீளத்துக்கு நறுக்கி, 30 கிராம் உப்புப் பிரட்டி இரண்டு மணி வைத்துப் பிழியவும். காய்ந்த மிளகாய் 10, சின்ன வெங்காயம் 8, பூண்டு 3 பல், ஒரு விரல் பச்சை மஞ்சள், பூவா கெராஸ் என்ற கொட்டை 3. இவற்றை அரைத்து 100 மில்லி எண்ணெயில் வாசம் வர வதக்குங்கள். பூவா கெராஸைப் பச்சையாகச் சாப்பிடக் கூடாது, நன்றாக வதங்க வேண்டும். வினிகர் 200 மில்லி, சீனி 80 கிராம் சேர்த்துக் கொதி வந்ததும் காயைப் போட்டு இரண்டு நிமிடத்தில் இறக்கவும். வறுத்த நிலக்கடலையும் எள்ளும் பரிமாறும்போது மட்டும். முன்பே கலந்தால் கடலை நமத்து மொத்தமும் காறும். இனிப்புநீர் உள்ளவருக்குச் சீனியைப் பாதியாக்கலாம். வினிகரைக் குறைக்கக்கூடாது. எண்ணெயும் அரைத்த மசாலாவும் கலந்திருப்பதால் இதை எவ்வளவு இறுக்கி மூடினாலும் அலமாரியில் வைக்க முடியாது. இரண்டு மூன்று வாரத்துக்குள் தீர்க்க வேண்டும். விருந்து, திருமணம் என்று நாள் குறித்திருந்தால் இதுவே முதல் தேர்வு.

அடைத்த போத்தல். ஓர் ஆண்டு அலமாரியில் நிற்பது இது ஒன்றுதான். 1 கிலோ காயை 6 மில்லிமீட்டர் வில்லையாக அரிந்து, 100 கிராம் வெங்காயம் சேர்த்து, 15 கிராம் உப்பில் ஐந்து மணி வைத்து வடிக்கவும். 5 சதவிகித வினிகர் 250 மில்லி, பழுப்புச் சீனி 130 கிராம், துணியில் கட்டிய கடுகும் மிளகும் சேர்த்து, காய் கண்ணாடி போலாகும் வரை அரை மணி மெல்லிய தீயில். கொதிக்கக் கொதிக்க அரை லிட்டர் போத்தலில், மேலே ஒன்றேகால் சென்டிமீட்டர் இடம் விட்டு நிரப்பி, விளிம்பைத் துடைத்துப் புது மூடி போட்டு, போத்தல் முழுகி மேலே ஒரு அங்குலம் தண்ணீர் நிற்கும்படி கொதிநீரில் வையுங்கள். தாப்பாவில் 10 நிமிடம். 1,400 மீட்டருக்கு மேலே இருக்கும் தானா ராத்தாவில் 15 நிமிடம், ஏனென்றால் அங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

காரத்தன்மையும் அமிலத்தன்மையும் அளக்கும் பிஎச் கணக்கில் 4.6க்குக் கீழே இருந்தால்தான் பொட்டுலிசக் கிருமி தலைதூக்காது. நல்ல செடியின் பச்சைத் தக்காளி பழத்தைவிடப் புளிப்பு, ஆகவே பாதுகாப்பு அதிகம். செத்த கொடிக் காய்க்கு அந்த உறுதி இல்லை. ஆக, வாடல் நோயில் செடியை இழந்து காயோடு நிற்பவர்களுக்கு இந்த வழி மூடப்பட்டுவிட்டது. பாசார் மாலாமில் கெட்டியான காயை மலிவாக வாங்கியவருக்கும், செடி நன்றாக இருக்கும்போதே பறித்தவருக்கும் திறந்திருக்கிறது. அவர்களும் போத்தல் கணக்கைப் பார்க்க வேண்டும். பழைய ஜாம் போத்தலின் மூடி இரண்டாம் தடவை சரியாக அடைபடும் என்று நம்ப முடியாது. வினிகர் பட்டு உள்பூச்சு உரிந்து துருவும் பிடிக்கும். நாலைந்து போத்தல் வாங்கிப் பல வருடம் பயன்படுத்துகிறவருக்குக் கட்டுப்படியாகும். ஒரே ஒரு தடவைக்கு என்றால் ஆகாது.

## வற்றல்

ஊரிலிருந்து வந்த பழக்கம், ஆனால் இந்த ஊர் வானம் அதற்கு ஒத்துவருவதில்லை. மோரில் ஊறிய வில்லைகள் காய நாலைந்து நாள் முழு வெயில் வேண்டும். பேராக்கில் மத்தியானம் மூன்று மணிக்கே மேகம் கூடிவிடும். இரண்டாம் நாள் ஈரம் காத்தால் மூன்றாம் நாள் சாம்பல் பூசணம். கெடா பக்கம் சுங்கைப் பட்டாணி, கூலிம் வாசிகள் ஜனவரி, பிப்ரவரி வறட்சியில் முயலலாம். மின் உலர்த்தியில் 60 டிகிரியில் 12 மணி வைத்தால் நன்றாக வரும், ஆனால் 500 வாட் பெட்டி அதற்குள் 6 யூனிட் வரை இழுக்கும். கைக்கு வருவது கிலோவுக்கு 80 கிராமைத் தாண்டாது.

## உறைய வைத்தல்

இன்றைக்கு நேரமே இல்லை என்பவருக்கு இது. வில்லையாக அரிந்து தட்டில் ஒட்டாமல் பரப்பி உறைய விட்டு, பிறகு பையில் காற்றை வெளியேற்றிக் கட்டவும். இளகினால் துவண்டுவிடும், ஆகவே உறைந்தபடியே குழம்பில் போட வேண்டும். நறுக்கென்று கடிபடும் பிரட்டலுக்கு உதவாது. உறைந்ததை எடுத்துப் பிறகு தொக்கும் கிண்டலாம். நீர் அதிகம் விடும் என்பதால் இன்னும் கால் மணி கூடுதலாக வற்ற வேண்டும்.

## மூன்று கிலோ கையில், நாளைக்கு வேலை நாள்

செடி தலை தொங்கியதைக் கண்ட அன்று மாலையே எல்லாக் காயையும் பறித்துவிடுங்கள். கொடி காயும்வரை விட்டால் பெருக்கப்போவது ஒன்றுமில்லை, புளிப்புதான் இறங்கும். தரையில் நாளிதழ் விரித்து மூன்றாகப் பிரியுங்கள். அடி வெளிறி மினுங்கும், கீறலில்லாத பத்துப் பதினைந்து காய் அட்டைப்பெட்டிக்கு. புள்ளி, கீறல் உள்ளவற்றில் நல்ல பாகம் அன்றிரவு நெத்திலியோடு சட்டிக்கு. மீதியை நறுக்கி உப்புப் பிரட்டிவிட்டுப் படுக்கப் போகலாம். மறுநாள் வேலை முடிந்து வந்து தொக்கைக் கிண்டினால் போதும், ஊறல் இருபது மணி நேரம் ஆனாலும் கெடாது, ஐஸ்பெட்டியின் கீழ்த்தட்டில் இருந்தால் இன்னும் நல்லது. அதற்கும் நேரமில்லாத வீட்டில் மீதி முழுவதும் உறைபெட்டிக்குப் போகட்டும். தொக்கு ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்கும்.

கோலிக்குண்டுப் பிஞ்சுகளையும் செடியையும் உரக்குழியில் போடாதீர்கள். வேரோடு பிடுங்கிப் பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்புங்கள். அந்த மண்ணில் அடுத்து கத்தரியோ மிளகாயோ நட்டால் அதுவும் ஒரு மழைக்குப் பிறகு இதே மாதிரி தலை தொங்கும். சில போகம் சோளமோ வெண்டையோ போடுங்கள். தக்காளியே வேண்டுமென்றால் புது மண் நிரப்பிய தொட்டியில், தரையைத் தொடாமல் வையுங்கள்.